தொண்டரின் முதற்பாடம்

விலங்குகளுக்குத் தொண்டாற்றுவோர் அவற்றைத் தொட்டுப் பழகுதலே முதற்பணி எனப் பலர் கருதுவர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள தேசிய மிருகக்காட்சிசாலையின் வரலாறோ வேறொரு பாடம் கற்பிக்கின்றது.

1958இல் அச்சாலைக்கென நண்பர் கழகம் ஒன்று தோன்றிற்று. 1972இல் சீனத்திலிருந்து லிங் லிங், ஷிங் ஷிங் என்னும் பாண்டாக்கள் வந்தன. பெண் பாண்டா குட்டி ஈனும் காலத்தில் கழகத் தொண்டர்கள் முறைவைத்துக் காமிரா வழியே கண்காணித்து, அதன் ஒவ்வோர் அசைவையும் குறித்தனர். தொட்டுப் பேணுதல் பயிற்சி பெற்ற காப்பாளர் பணியாகவே இருந்தது.

1983 முதல் 1989 வரை லிங் லிங் ஈன்ற ஐந்து குட்டிகளுள் ஒன்றேனும் நிலைக்கவில்லை. ஆயினும் தொண்டர் கண் சோரவில்லை. 2005இல் மெய் ஷியாங் என்னும் மற்றொரு பாண்டா ஈன்ற டாய் ஷான் பிழைத்து வளர்ந்தது. அப்பொழுதும் தொண்டர்கள் காமிராமுன் விழித்திருந்தனர்.

கையை அடக்கிக் கண்ணைத் திறந்திருத்தலே தொண்டர்க்கு முதற்பயிற்சி என்க.