சிராவயல் சந்திப்பு: மறுத்து எழுதியவருக்குக் கிடைத்த பாராட்டு

1927 செப்டம்பர் இறுதியில் காந்தி செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது காரைக்குடிக்கு அருகில் சிராவயல் என்னும் சிற்றூரில் இயங்கிய ஆசிரமம் ஒன்றுக்குச் சென்றார். இன்று மஞ்சுவிரட்டுக்காக அறியப்படும் ஊர் அது. ஆசிரமத்தை நடத்தியவர் நாஞ்சில்நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம். அவருக்கு அப்போது வயது இருபது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதன்மையான கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவராகி 'ஜீவா' என்று அழைக்கப்பட்டவர்.

இந்தச் சந்திப்பைப் பற்றித் தமிழகத்தில் ஒரு கதை மிகப் பரவலாக வழங்குகிறது. உமக்கு என்ன சொத்து இருக்கிறது என்று காந்தி கேட்டார். இந்தியாதான் என் சொத்து என்றார் ஜீவா. இல்லை, நீர்தான் இந்தியாவின் சொத்து என்று காந்தி சொன்னார். மேடைகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இந்த உரையாடல் சிறு சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் சந்திப்புக்குக் காரணமாக இருந்த கடிதம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அது பாராட்டுக் கடிதம் அல்ல, மறுப்புக் கடிதம். அதை விட்டுவிட்டால் காந்தியின் சொல் ஒரு பெரியவர் இளைஞனுக்கு அளித்த ஆசியாகவே தோன்றும். கடிதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தப் பாராட்டுக்கு வரலாற்றுப் பொருள் கிடைக்கிறது.

பூதப்பாண்டியிலிருந்து

ஜீவா 1907 ஆகஸ்ட் 21 அன்று பூதப்பாண்டியில் பிறந்தார். இயற்பெயர் சொரிமுத்து. தந்தை பட்டப்பிள்ளை, தாய் உமையம்மை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்த பகுதியே நாஞ்சில்நாடு. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தது.

பூதப்பாண்டி பூதலிங்கசாமி கோயிலை மையமாகக் கொண்ட ஊர். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எந்தக் குளத்தில் குளிக்கலாம் என்பதைச் சாதி முடிவுசெய்த காலம் அது. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த நண்பனுடன் பழகியதும், அவனைத் தெருவுக்கு அழைத்துவந்ததும் ஜீவாவுக்கு வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பைத் தேடித்தந்தன என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இளமையிலேயே அவர் வீட்டை விட்டு வெளியேறினார்.

1924 மார்ச் 30 அன்று வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்கான போராட்டம் அது. நாஞ்சில்நாட்டிலும் அதே கேள்வி இருந்தது. சுசீந்திரம் கோயில் தெருக்களுக்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. இந்த இரு போராட்டங்களோடும் ஜீவாவின் பெயர் இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆகவே சாதி பற்றிய கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல, சொந்த ஊரிலும் வீட்டிலும் தொடங்கியது.

அவர் அடுத்துச் சென்ற இடம் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம். காங்கிரஸின் நிதியுதவி பெற்ற தேசியக் கல்வி நிறுவனம் அது. அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்ததும் தமிழகக் காங்கிரஸில் பெரும் பூசல் எழுந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான பின்னணிகளில் இதுவும் ஒன்று. ஜீவாவும் குருகுலத்தில் நிலைக்கவில்லை. அதன் பின்னரே சிராவயலுக்கு வந்தார்.

ஆசிரமமும் கடிதமும்

சிராவயல் ஆசிரமம் காந்திய வழியில் அமைந்தது. கதர், நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, கல்வி ஆகியவை அதன் பணிகள். அதாவது ஜீவா அன்று காந்திக்கு அயலான கட்சியைச் சேர்ந்தவர் அல்லர், காந்தியின் திட்டங்களைத் தன் கையால் செய்துவந்தவர். அவருடைய கருத்து வேறுபாடு இந்த இடத்திலிருந்து எழுந்தது. அதனாலேயே அதைச் சொல்வது கடினமானதாகவும் இருந்திருக்கும். எதிர்த்தரப்பில் நின்று எதிர்ப்பது எளிது. யாரைத் தலைவராக ஏற்று அன்றாடம் நூல் நூற்கிறோமோ அவரிடம் நீங்கள் சொல்வது தவறு என்று எழுதுவது அவ்வளவு எளிதல்ல.

1927-ல் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தின்போது காந்தி வருணாசிரமம் பற்றிப் பல இடங்களில் பேசினார். தீண்டாமை பாவம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் வருணம் வேறு, தீண்டாமை வேறு என்று அவர் அன்று பிரித்துப் பார்த்தார். வருணம் பிறப்போடு வருவது, குலத்தொழிலைக் குறிப்பது, அதில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை என்பது அவர் விளக்கம். பிராமணரல்லாதார் இயக்கத்தினர் இதை ஏற்கவில்லை. பெரியாரும் எஸ். ராமநாதனும் அதே ஆண்டு பெங்களூரில் காந்தியைச் சந்தித்து இதுபற்றி விவாதித்தார்கள்.

ஜீவா தன் மறுப்பைக் கடிதமாக எழுதினார். பிறப்பால் தொழிலைத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு தீண்டாமையை மட்டும் அகற்ற முடியுமா என்பதே இந்த விவாதம் முழுவதிலும் அடியில் இருந்த கேள்வி. பூதப்பாண்டித் தெருவையும் சேரன்மாதேவிப் பந்தியையும் பார்த்துவந்த ஒருவருக்கு இது வெறும் தத்துவச் சிக்கல் அல்ல.

கடிதத்தைப் படித்த காந்தி, காரைக்குடிப் பகுதிக்கு வந்தபோது எழுதியவரைப் பற்றி விசாரித்தார் என்றும், அவரை வரவழைக்காமல் தானே ஆசிரமத்திற்குச் சென்றார் என்றும் வரலாறுகள் சொல்கின்றன. இது காந்தியின் இயல்போடு பொருந்துவது. தன்னைக் கண்டித்து வரும் கடிதங்களை 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டு அவற்றுக்குப் பதில் எழுதுவது அவர் வழக்கம்.

பாராட்டு என்ன செய்யும்?

அரசியலில் மாற்றுக் கருத்துள்ள தலைவர் ஒருவரின் பாராட்டு மூன்று விதமாக வேலைசெய்யக்கூடும். பாராட்டப்பட்டவரைச் சொந்தத் தரப்பினர் சந்தேகிக்கலாம். அவருடைய விமரிசனம் மழுங்கிப்போகலாம். அல்லது, பாராட்டியவரின் பெருந்தன்மையே பேசுபொருளாகி, விமரிசனம் மறக்கப்படலாம்.

ஜீவாவுக்கு முதல் இரண்டும் நிகழவில்லை. 1932-ல் காங்கிரஸ் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையில் புரட்சியாளர்களின் தொடர்பு கிடைத்தது. பின்னர் சுயமரியாதை இயக்கத்தில் தீவிரமாகப் பணியாற்றினார். பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' என்ற கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்ததற்காகக் கைதுசெய்யப்பட்டார். அதே 1930களின் நடுவில் பெரியாரிடமிருந்தும் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார். 1937-ல் தொடங்கிய 'ஜனசக்தி' இதழ் வழியாகப் பொதுவுடைமைக் கருத்துகளைப் பரப்பினார். இந்தியாவின் சொத்து என்று காந்தியால் சொல்லப்பட்டவர் காந்தியத்திலிருந்து வெகுதூரம் சென்றார். அந்தச் சொல் அவரைக் கட்டிப்போடவில்லை.

மூன்றாவது மட்டும் நிகழ்ந்தது. சொத்து பற்றிய உரையாடல் நின்றது, வருணாசிரமம் பற்றிய வாதம் பின்னுக்குப் போனது. இதற்குக் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. இரு தரப்பினருக்குமே பிடித்த கதை அது. காந்தியை மதிப்பவர்களுக்கு அதில் காந்தியின் பெருந்தன்மை இருக்கிறது. ஜீவாவை மதிப்பவர்களுக்கு அதில் ஜீவாவின் துறவு இருக்கிறது. கடிதத்தைச் சேர்த்தால் கதை இருவருக்கும் சற்றுச் சங்கடமாகிவிடும்.

பட்டமும் பாராட்டும்

அதிகாரம் அளிக்கும் பட்டத்தையும் அரசியலில் மாறுபட்டவர் சொல்லும் பாராட்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. அன்றைய இந்தியா இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918-ல் தன் சர் பட்டத்தைத் துறந்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919-ல் தாகூர் தன் சர் பட்டத்தைத் துறந்தார். 1915-ல் பெற்ற கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைக் காந்தி 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தின் தொடக்கத்தில் திருப்பி அனுப்பினார். பட்டம் கொடுப்பவர் மேலே இருக்கிறார், வாங்குபவர் கீழே இருக்கிறார். அதை வைத்திருப்பதே அந்த ஆட்சியை ஒப்புக்கொள்வதாகிறது. அதனால்தான் திருப்பித்தர வேண்டியிருந்தது.

பிற்காலத்திலும் இந்தக் கேள்வி தொடர்ந்தது. 1992-ல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடும், 2022-ல் புத்ததேவ் பட்டாச்சார்யாவும் மத்திய அரசின் பத்ம விருதுகளை ஏற்க மறுத்தனர். அரசு விருதுகளை ஏற்பதில்லை என்பது அவர்கள் சார்ந்த மார்க்சிஸ்ட் கட்சியினர் கடைப்பிடித்த வழக்கம்.

சிராவயலில் நடந்தது வேறு. காந்தி அங்கே பதக்கமோ பதவியோ நிதியோ கொடுக்கவில்லை. ஒரு சொல்லைச் சொன்னார். அதற்குப் பதிலாக எதையும் கேட்கவுமில்லை. அத்தகைய சொல்லை மறுக்க வேண்டிய தேவை ஜீவாவுக்கு இல்லை. அவருடைய மறுப்பு ஏற்கெனவே எழுத்தில் காந்தியின் கையில் இருந்தது.

இந்த எல்லையை ஜீவா பிற்காலத்திலும் பேணியதாகவே தெரிகிறது. 1930களில் காங்கிரஸுக்குள் அவரோடு பணியாற்றிய காமராஜர் 1954-ல் முதலமைச்சரானார். 1952 தேர்தலில் சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றிருந்த ஜீவா எதிர்வரிசையில் இருந்தார். இருவருக்கும் இடையே இருந்த மதிப்பு பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்த ஜீவாவுக்கு அரசு சார்பில் வீடு ஒதுக்கக் காமராஜர் முன்வந்ததாகவும், மற்றவர்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதற்கு என்று ஜீவா மறுத்ததாகவும் ஒரு நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுகிறது. நட்பையும் மதிப்பையும் அவர் ஏற்றார், சலுகையை ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம்

தமிழக அரசியலில் இதற்கு ஒப்பான இன்னொரு நிகழ்ச்சி 1967-ல் நடந்தது. அந்தத் தேர்தலில் பெரியார் காங்கிரஸை ஆதரித்து, தி.மு.க.வைக் கடுமையாக எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். 1949-ல் அண்ணா அவரிடமிருந்து பிரிந்து புதிய கட்சி தொடங்கியதிலிருந்தே கசப்பு இருந்தது. தி.மு.க. வென்றதும் அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். தன் அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்று பின்னர் அறிவித்தார். பெரியார் அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார், ஆட்சிக்கு ஆதரவாகவும் மாறினார்.

சிராவயலிலிருந்து இது ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகிறது. திருச்சிச் சந்திப்புக்குப் பின் அரசியல் நிலைப்பாடு மாறியது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு போன்ற பொதுவான இலக்குகள் இருந்ததால் அந்த மாற்றத்துக்கு நியாயமும் இருந்தது. சிராவயலில் உடன்பாடு ஏற்படவில்லை. மதிப்பு மட்டுமே பரிமாறப்பட்டது, வேறுபாடு அப்படியே நின்றது. மாற்றுத்தரப்பின் மரியாதையை ஏற்பது சமரசத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம், சமரசமே இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகள்.

மதிப்பீடு

வருணம் பற்றிய காந்தியின் கருத்துகள் பின்னாளில் பெரிதும் மாறின. தன் கடைசி ஆண்டுகளில் கலப்புத் திருமணங்களை வெளிப்படையாக ஆதரித்தார். இந்த மாற்றத்தை ஒரு கடிதத்தின் விளைவு என்று சொல்வது மிகை. வைக்கம் முதல் அம்பேத்கருடனான விவாதம் வரை பல கேள்விகள் அவரை அந்தத் திசைக்கு நகர்த்தின. அந்தப் பல கேள்விகளில் நாஞ்சில்நாட்டு இளைஞர் ஒருவர் எழுதியதும் ஒன்று.

ஜீவா 1963 ஜனவரி 18 அன்று மறைந்தார். நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. சிராவயல் சந்திப்புக்கும் நினைவரங்கம் அமைக்கத் தமிழ்நாடு அரசு முன்வந்தது. உயிரோடு இருப்பவர் பாராட்டை ஏற்கலாம், மறுக்கலாம், பாராட்டியவரோடு தொடர்ந்து வாதிடலாம். மறைந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய மறுப்பையும் சேர்த்து நினைவில் வைப்பது படிப்பவர்களின் பொறுப்பு. ஜீவாவை இந்தியாவின் சொத்து என்று சொல்லும்போது, அப்படிச் சொன்னவரிடம் அவர் மாறுபட்டு எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.