வீட்டிலேயே இருந்த நோயாளிகள்

பொதிகையில் சென்னைக்குப் போயிருப்பீர்கள். தாம்பரம் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை தந்த பெயர் அது. டி.பி. வந்தவரை வீட்டைவிட்டு அனுப்புவதுதான் அன்று வைத்தியம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்று காரணம் சொன்னாலும், வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிவிடுமே என்ற பயமும் அதில் உண்டு.

அந்தப் பயம் சரிதானா என்று சோதித்துப் பார்த்தது சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு. மீதிப் பேர் ஏழ்மையும் நெரிசலுமான தங்கள் வீடுகளிலேயே. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள். பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் குணமானவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு!

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அந்த வீடுகளில் கூட இருந்தவர்களையும் எக்ஸ்ரே எடுத்து, ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய வீட்டாரைவிட அதிகமாக டி.பி. வரவில்லை. தொற்றியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே. மாத்திரை தொடங்கியபின் அந்த ஆபத்து வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இப்போது நம் வளாகத்துக்கு வாருங்கள். ஒரு வீட்டில் டி.பி. என்று தெரிந்தால், "லிஃப்டில் வரவேண்டாம்", "காலி பண்ணச் சொல்லுங்கள்" என்கிறோம். இதற்குப் பயந்தே, வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் பலர் வாய் திறப்பதில்லை. நாம் பயப்பட வேண்டியது மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்தல்ல. பரிசோதிக்காத இருமலைப் பார்த்து. மில் ஊர்க்காரர்களான நாம் எந்த இருமலையும் "பஞ்சுத் தூசி" என்று மாதக்கணக்கில் தள்ளிவிடுவோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால் கூட இருக்கும் குடும்பத்தாரையும் பரிசோதிப்பார்கள்; நோய் இல்லாதவர்களுக்கு, குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு, வராமல் தடுக்க மாத்திரையும் உண்டு. பணியாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், யார் யார் கூட இருந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். வேலைக்கு வரும் அக்காவையும் சேர்த்து.