ஒயர் இழுத்தவனுக்குக் காயிதம் இல்லை

பைக்காரா மின்சாரம் 1930களில் கோயம்புத்தூருக்கு வந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் மில்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிணற்றுமேட்டை யாரும் பேசுவதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல்வால் தைத்துக் கொடுத்தவர்கள் எங்க ஆளுகதான், மாதாரிகள். தோட்டங்களுக்கு மோட்டார் வந்தது, தோல் வேலை போச்சு. தாத்தா ஊசியைக் கீழே வைத்தார். பிறகு சித்தப்பா அதே தோட்டங்களுக்கு மோட்டாருக்கு ஒயர் இழுக்கப் போனார்.

1956ஆம் வருசத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி என்ன சொன்னது? பல்பு, ஃபேன், ஃப்யூஸ் மாற்றுகிற சில்லறை வேலை தவிர, மற்ற வேலையை லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர் நேரில் நின்று பார்க்க வேண்டும். வேலை செய்கிறவனிடம் பெர்மிட் இருக்க வேண்டும். 2010இலும் 2023இலும் விதிகளை மாற்றி எழுதினார்கள், இந்த மூன்று படி மட்டும் அப்படியே இருக்கிறது. படி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாதவன் தொட்டால் மின்சாரம் கொன்றுவிடும்.

அடிப்படி, கம்பியாள் உதவியாளர் தேர்வு. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 21 வயதும் ஐந்து வருச ஒயரிங் அனுபவமும் கேட்கிறார்கள். சித்தப்பாவுக்குப் பதினோரு வருச அனுபவம். ஆனால் அதை எழுதித் தர வேண்டியது காண்ட்ராக்டர்.

'ஏனுங்க சாமி, ஒரு காயிதம் குடுத்தீங்கன்னா...'

'குடுத்தா நாளைக்கு நீ தனியாப் போயிருவே. அப்பறம் ஆரு எனக்கு ஏணி தூக்கறது?'

ஆபீசர் பார்க்க வரும் அன்று சித்தப்பா தென்னமரத்தடியில் தள்ளி நிற்க வேண்டும். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர் ஒயரைத் தொட்டவரே இல்லை.

காயிதத்தைக் காட்டி மனிதனை அடிமட்டத்திலேயே நிறுத்துவதை எதிர்த்து அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. அங்கே பிரச்சினை லைசென்ஸ் இல்லை, கம்பெனி கேட்ட தகுதி. கம்பெனியும் மின்சாரக் கம்பெனிதான். வட கரோலினாவில் டியூக் பவரின் டான் ரிவர் அனல்மின் நிலையம். கறுப்பர்களுக்கு லேபர் பிரிவு மட்டும்தான். அங்கே உச்சக் கூலி, மற்ற பிரிவுகளின் அடிக்கூலியை விடக் குறைவு. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புதுசாக இரண்டு பரீட்சை வைத்தது! பள்ளி இறுதிச் சான்றும் கேட்டது. அந்தச் சான்று இல்லாத வெள்ளைக்காரர்கள் மேல் பிரிவுகளில் நன்றாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லி கிரிக்ஸும் இன்னும் 12 பேரும் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதி கறுப்பர்களை வெளியே தள்ளினால், உள்நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது செல்லாது.

நம்மூர்த் தேர்வு வேலையைத்தான் சோதிக்கிறது. அந்த அனுபவக் காயிதமோ ஒருத்தருடைய தயவைச் சோதிக்கிறது. கிரிக்ஸ் கேட்ட கேள்வியை நாம் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

நான் காலேஜில் இருந்தபோது சித்தப்பாவுக்குக் கம்பத்தில் கரண்ட் அடித்து இரண்டு விரல் கருகிப்போனது. 'பெர்மிட் இல்லாதவன் ஏன் ஏறினான்?' என்றார் காண்ட்ராக்டர். ஏறச் சொன்னவரே அவர்தான். அன்று அமலில் இருந்த 1923ஆம் வருசத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை நான் பின்னாளில் படித்தேன். பாதுகாப்பு விதியைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினான் என்று காட்டினால் முதலாளி தப்பலாம். ஆள் செத்துவிட்டால் அந்தச் சாக்கும் செல்லாது. இரண்டு வருசத்துக்குள் மனுப் போட வேண்டும். நான் படித்தது மூன்றாவது வருசம்.

தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கமிஷனர் ஏற்கலாம் என்றும் அதில் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தப்பா கேட்டார்:

'அவுருகிட்ட வேலை செஞ்சேன்னு காட்டறதுக்குக் காயிதம் கேப்பாங்களே சாமி?'