பவுன்ஸும் பவுன்ஸ் டேல்ஸும்: ஒரு சிவப்புப் பந்தின் வரலாறு

பிளாட்ஃபார்ம் கேம் என்றதும் உலகம் முழுக்க ஞாபகத்துக்கு வருவது 1985-ல் நின்டென்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ். ஓட வேண்டும், தாவ வேண்டும், பள்ளத்தில் விழாமல் கடைசி வரை போய்ச் சேர வேண்டும். இந்த வகை கேம் அவ்வளவுதான். ஆனால் மாரியோ விளையாட டிவி வேண்டும், அதில் மாட்ட ஒரு பெட்டி வேண்டும், கேசட் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் சீரியல் ஓடாத நேரம் வேண்டும்! வாலாஜாபாத் மாதிரி ஊர்களில் நிறைய பேருக்கு முதல் பிளாட்ஃபார்ம் கேம் மாரியோ இல்லை. அப்பாவின் நோக்கியா செல்லில் துள்ளிக்கொண்டிருந்த சிவப்புப் பந்துதான்.

பவுன்ஸ் வந்தது 2000-களின் தொடக்கத்தில். கதை கிடையாது, வில்லன் கிடையாது, பந்துக்கு முகம்கூடக் கிடையாது. 4-ஐ அழுத்தினால் இடது, 6-ஐ அழுத்தினால் வலது, 2-ஐ அழுத்தினால் துள்ளும். மொத்தம் 11 லெவல். வழியில் நிற்கும் வளையங்கள் அத்தனையிலும் பந்து புகுந்து வந்தால்தான் வெளியேறும் கதவு திறக்கும். ஒரே ஒரு வளையம் விட்டுப்போனாலும் திரும்பி வரவேண்டியதுதான். முள்ளில் பட்டால் 'டப்'.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் பந்தின் அளவு. சில இடங்களில் பந்து ஊதிப் பெரிதாகும், வேறு சில இடங்களில் காற்று இறங்கிச் சிறிதாகும். பெரிய பந்து தண்ணீரில் மிதக்கும், சின்னது மூழ்கும். பெரியது குறுகிய சந்துக்குள் போகாது, சின்னது போகும். இந்த இரண்டை வைத்துக்கொண்டே பாதி புதிர்களை அமைத்துவிட்டார்கள். எந்த அளவில் எந்த வளையத்துக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு வளையம் தெரியும், பெரிய பந்தோ மேலேயே மிதந்துகொண்டிருக்கும். அப்புறம்தான் மண்டையில் பல்பு எரியும். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட சின்னத் திரையில், தட்டச்சு செய்வதற்காக வைத்த பட்டன்களில், இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? (787898 என்று அழுத்தினால் பந்து உடையாது என்ற ரகசியம் வகுப்புக்கு வகுப்பு பரவியது தனிக்கதை.)

கணக்குப் பார்த்தால் இந்த கேமை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. போனோடு சேர்ந்து வந்தது, விலை எல்லாம் போனுக்குள் அடக்கம். அதனால் கேமின் ஆயுள் போன் கம்பெனியின் ஆயுளோடு கட்டிப் போடப்பட்டிருந்தது. இந்தக் கட்டு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கும் இருந்தது.

2005 ஏப்ரலில் நோக்கியா தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் போன் தயாரிப்பு தொடங்கிவிட்டது. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள், அதில் பெரும்பகுதி இளம் பெண்கள். பாகங்களும் சார்ஜரும் செய்து கொடுக்கும் கம்பெனிகள் அதே வளாகத்தில் வந்து உட்கார்ந்தன. சுற்றுவட்டார ஊர்களில் விடிவதற்கு முன்பே ஷிப்ட் பஸ்ஸுக்காக ரோட்டில் கூட்டம் நிற்பது வழக்கமாகிப்போனது. செல்போன் ஆடம்பரமாக இருந்த காலம் போய், அதைப் பூட்டித் தருவது பக்கத்து வீட்டு அக்காவின் வேலை என்று ஆனது.

அந்த நல்ல காலத்தின் நடுவில், 2008-ல், வந்தது பவுன்ஸ் டேல்ஸ். இதைச் செய்தது ரோவியோ என்ற இன்னொரு பின்லாந்து கம்பெனி. நோக்கியா 2700 கிளாசிக் மாதிரி போன்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்தது. திரை பெரிதாகிவிட்டதால் வண்ணம் பொங்கியது. முதல் கேமில் உலகம் முழுக்கச் செங்கல் செங்கலாக சதுரம். இதிலோ மேடும் சரிவும் வளைவும். சரிவில் விட்டால் பந்து தானாக வேகம் எடுக்கும், அந்த வேகத்தை வைத்து அடுத்த மேட்டில் ஏறலாம். உருளுவது எப்படி இருக்கும் என்பதை உண்மையாகக் காட்டியது இதுதான். பந்துக்கு முகம் வந்தது, ஒரு வில்லன் வந்தான், கல் போல் கனத்த பம்பி, கடற்கரைப் பந்து போன்ற வோலி என்று இரண்டு புது வடிவங்களும் வந்தன.

எது உசத்தி? அழகு, சுகம், ஓட்டம் எல்லாவற்றிலும் டேல்ஸ்தான். விடுமுறையில் ஒரே மூச்சில் விளையாட அதுவே சரி. ஆனால் விளையாட்டு என்ற அளவில் பழைய பவுன்ஸ்தான் ஒரு படி மேல். டேல்ஸில் சேகரிக்க முட்டைகள் உண்டு, எல்லாவற்றையும் எடுக்காமலே லெவலைத் தாண்டிவிடலாம். பவுன்ஸில் அந்தச் சலுகையே இல்லை. கஷ்டமான வளையத்தை விட்டுவிட்டுப் போக முடியாததால்தான் ஒவ்வொரு லெவலின் அமைப்பும் மனப்பாடம் ஆனது. டேல்ஸ் விளையாடியவர்களுக்கு நிறங்கள் ஞாபகம் இருக்கும், பவுன்ஸ் விளையாடியவர்களுக்கு வழியே ஞாபகம் இருக்கும்.

ரோவியோவுக்கு அப்போது பணக் கஷ்டம். 2009 டிசம்பரில் ஐபோனுக்காக ஆங்ரி பேர்ட்ஸ் வெளியிட்டது, பிழைத்துக்கொண்டது. நோக்கியாவின் பந்தை உருட்டிய கம்பெனியை நிமிர்த்தியது நோக்கியாவைச் சாய்த்த போன்! 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது, வரிப் பிரச்சினையில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, 'ஓய்வு' என்ற வார்த்தையே பொருந்தாத வயது. 2014 நவம்பர் 1-ல் தயாரிப்பு நின்றது.

2019-ல் அந்த ஆலையை வாங்கியது சால்காம்ப், அதே வளாகத்தில் நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்த கம்பெனி. அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்போது ஐபோன் பூட்டுகிறார்கள். ஷிப்ட் பஸ்கள் மறுபடி ஓடுகின்றன. ஆனால் அந்த போனைப் பெட்டியிலிருந்து எடுத்தால் உள்ளே ஒரு கேமும் இருக்காது, தேவையானதைத் தேடி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.