அகதிக்கு வழக்கறிஞர்: தமிழ்நாட்டு வரலாறு

அயல்நாட்டவரை வெளியேற்றும் அதிகாரத்தை இந்திய அரசுக்கு நெடுங்காலம் அளித்துவந்தது 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம். ஒருவர் அயல்நாட்டவரா என்ற கேள்வி எழுந்தால் அப்படி இல்லை என்று அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது அதன் 9-ஆம் பிரிவு. 1955-இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், வெளியேற்றும் அதிகாரம் முழுமையானது, வரம்பற்றது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் அகதி என்ற தனி நிலை இந்தியச் சட்டத்தில் இடம்பெறவில்லை. வெளியேற்றம் ஓர் அதிகாரி பிறப்பிக்கும் ஆணையாகவே நடந்தது. வழக்கறிஞர் எழுந்து பேசுவதற்கான விசாரணை மன்றம் தமிழ்நாட்டில் அதற்குக் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதே அகதிக்குத் திறந்திருந்த வழி. அதற்குப் பணம் வேண்டும், சென்னையில் ஆள் வேண்டும்.

இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு 1987 முடிவதற்குள் சுமார் 1,34,000 இலங்கைத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தனர். அரசு அவர்களுக்கு முகாமும் உதவித்தொகையும் அரிசியும் தந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. இந்தப் பரிவுக்கு இணை காண்பது அரிது. ஆனால் அது அரசின் விருப்பத்தில் நின்ற பரிவு, அகதியின் உரிமையாக எழுதப்பட்டதல்ல. இந்த வேறுபாடு 1991-க்குப் பின் வெளிப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அகதிகளைப் பற்றிய மனநிலை மாறியது. ஐயத்துக்குரியவர்களாகக் கருதப்பட்டவர்களை அடைத்த சிறப்பு முகாம்களுள் ஒன்று அதே மாவட்டத்தின் செங்கல்பட்டில் இயங்கியது. குற்ற வழக்கில் பிணை பெற்றவரையும் வெளிநாட்டினர் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் அங்கே வைக்க முடிந்தது. அதைச் சிறை என்று அரசு ஏற்கவில்லை. உள்ளே இருந்தவர்களோ விடுதலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தனர்.

1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. விருப்பத்தோடு போகிறார்கள் என்று அரசு சொன்னது. விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஒப்புதல் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கையெழுத்திட்டவர்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட, இடைக்காலத் தடை கிடைத்தது. பின்னர் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. உலக அமைப்பு ஒன்று விருப்பத்தைச் சரிபார்க்கும்போது நீதிமன்றம் அதை ஆராய வேண்டியதில்லை என்று வழக்கு முடிக்கப்பட்டது. ஆணையத்தின் அலுவலர்கள் முகாம்களுக்குள் போக அனுமதி இல்லை. புறப்படும் நேரத்தில்தான் அகதிகளிடம் பேச முடிந்தது. 1995 வரை சுமார் 54,000 பேர் திரும்பினர். இந்த வழக்கில் அகதிகளுக்காக மன்றம் ஏறியவர்கள் அரசியல் தலைவர்கள். அகதி தன் பெயரில், தன் வழக்கறிஞர் வழியாகத் தன் அச்சத்தைச் சொல்லும் வாய்ப்பு இதில் அமையவே இல்லை. அந்த ஆண்டுகளின் பெருங்குறை அதுதான்.

அனுப்பும் பணி ஓய்ந்த அதே 1995-இல், நவம்பர் 9 அன்று, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்ற அரசமைப்பின் 39அ பிரிவை வட்டம் வரை கொண்டுசென்ற சட்டம் இது. இதன் 12-ஆம் பிரிவு குடியுரிமையைக் கேட்பதில்லை. பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோரோடு இன வன்முறையால் பாதிக்கப்பட்டவரையும் அது பெயர் சொல்லிச் சேர்க்கிறது. நீதிமன்றத்தில் மட்டுமன்றி, பிற அதிகார அமைப்புகளின் முன்னும் வாதாட உதவலாம் என்கிறது. ஈழத்து அகதிக்கென்றே எழுதியதுபோல் அமைந்த சொற்கள். நான்கு ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் ஆங்கிலப் படிவத்தைப் படித்துச் சொல்லவாவது ஒருவர் இருந்திருப்பார்.

இத்தகைய உதவிக்கு, வெளியேற்றத்தை எதிர்கொள்வோருக்கென்றே பொதுப்பணத்தை ஒதுக்கியதில் அமெரிக்க நகரங்களுள் நியூயார்க் முன்னோடி. அமெரிக்காவில் நாடுகடத்தல் உரிமையியல் நடவடிக்கை என்பதால், குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு 1963-இல் உறுதியான வழக்கறிஞர் உரிமை குடியேறிக்கு எட்டவில்லை. அந்நகரில் நடந்த ஆய்வில், வழக்கறிஞரோடு வெளியிலிருந்து வாதாடியவர்களில் 74 விழுக்காட்டினர் வென்றிருந்தனர். காவலில் துணையின்றி நின்றவர்களில் வென்றவர்கள் 3 விழுக்காட்டினரே. 2013-இல் நகர மன்றம் 5 இலட்சம் டாலர் ஒதுக்கித் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தியாவில் இதற்கு நெருங்கி வந்தது அசாம். அங்கே வெளிநாட்டினர் தீர்ப்பாயங்கள் உண்டு. 2019-இல் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டபோது, ஏழைகளுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையங்கள் வழியே உதவி தரப்படும் என்று மாநில அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டில் மாற்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து வந்தது. 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இலங்கை மலையக வம்சாவளியினரான 65 மனுதாரர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி அரசைப் பணித்தார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். இதன்படி 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தரும்படி அதே நீதிபதி 2022-இல் ஆணையிட்டார். அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தப் பிறப்புரிமை சட்டத்தில் எப்போதும் இருந்ததுதான். அதைக் கேட்டு வாங்க ஒரு வழக்கு தேவைப்பட்டது.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை முன்போலவே சம்பந்தப்பட்டவர் மீதே இருக்கிறது.