தனியார் பாடசாலை உடன்படிக்கையிலிருந்து விலகுவது எப்படி?

பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபா. 2024 இல் 1,350 ரூபா. அதை நம்பி, ஆங்கிலம் வரட்டும் என்று பதுளையிலோ பண்டாரவளையிலோ சர்வதேசப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்த தாய், தகப்பன் இடைநடுவில் விலக்கப் போனால், நிர்வாகம் எடுத்து நீட்டுவது அவர்கள் கையொப்பமிட்ட ஆங்கிலப் படிவத்தை. வருடக் கட்டணம் முழுவதையும் கட்டு, இல்லையேல் விடுகைப் பத்திரம் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் புதிய தனியார் பாடசாலைகளுக்கு வழியை அடைத்தன. அதனால்தான் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவாகின்றன. நீங்கள் விலகுவது ஒரு கம்பனியோடு செய்த உடன்படிக்கையிலிருந்து.

படிவத்தில் முன்னறிவித்தல் பற்றிய வாசகத்தைத் தேடுங்கள். ஒரு தவணை என்றிருந்தால், அடுத்த தவணை தொடங்குமுன் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலகத்தில் வாயால் சொன்னது பிறகு செல்லாது. அனுமதிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. வைப்புப் பணம் வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

வாசிக்காமல் கையொப்பமிட்டோம் என்பது நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். ஆனால் பொய்யான வாக்குறுதியால் கையொப்பம் பெறப்பட்டிருந்தால், ரோமன் டச்சுச் சட்டப்படி உடன்படிக்கையை இரத்துச் செய்யக் கோரலாம். சொன்ன சேவையைத் தராமலே தப்பிக்கொள்ளும் வாசகங்களுக்கு 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வரம்பிடுகிறது. அந்த விளம்பரத் துண்டை வீசிவிடாதீர்கள்.

"பொலிசுக்குப் போவோம்" என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். கட்டணப் பாக்கி குடியியல் விவகாரம். பின்திகதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. அது திரும்பினால் குற்றமாகலாம்.

பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இந்தச் சட்டங்கள் ஊவாவுக்கு மட்டுமானவை அல்ல. 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களுக்கும் இவைதான்.

பணத் தகராறு தீரும்வரை பிள்ளையை லயனில் வைத்திருக்காதீர்கள். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி. பிறப்புச் சான்றிதழ், முன்னேற்ற அறிக்கைகளோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். விடுகைப் பத்திரம் தர மறுக்கப்பட்டதை எழுத்தில் கொடுத்து, அரச பாடசாலையில் இடம் கேளுங்கள்.