அங்கொடைக்கு அப்பால்

அண்மையில் கல்முனையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தரம் முடித்திருந்த அவருடைய மகள், பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். "பைத்தியம் பாக்கவா புள்ள படிக்கப் போறாய்? அங்கொடையிலயா வேல?" என்று கேட்டார் அவளுடைய உம்மம்மா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் மூதாட்டியின் கேள்வியில் நியாயம் இருந்தது. மனம் என்றதும் அங்கொடை ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதையும் எங்கள் கரையோரம் அறிந்திருக்கவில்லை.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வுகூடத்தோடு உளவியல் தனித்துறையானது என்பர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1943இலும் அதற்குத் துறை அமைத்தன. இலங்கையில் அது நெடுங்காலம் பேராதனையில் மெய்யியலின் நிழலிலேயே வளர்ந்தது. எங்கள் பக்கத்துக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் கற்பிக்கப்பட்ட 'கல்வி உளவியல்' என்ற ஒரு பாடமாகவே வந்து சேர்ந்தது. பிள்ளை ஏன் படிக்கவில்லை என்பதை அது விளக்கிற்று. பெரியவர்கள் ஏன் தூங்கவில்லை என்பதைப் பேசவில்லை.

தூக்கம் தொலைந்த ஆண்டு 1990. காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் வீரமுனைப் படுகொலையும் அதே ஆகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்தவை. முஸ்லிம் மாணவர் பலரால் யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ படிப்பைத் தொடர முடியவில்லை. அந்த நெருக்கடியில், எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் பிறந்ததே 1995இன் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி. மறு ஆண்டு அது பல்கலைக்கழகமாயிற்று. துயரம் எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகத்தைத் தந்தது. துயரத்தைப் படிக்கும் கல்வி மட்டும் தூரத்திலேயே நின்றது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி சேகரிக்கச் சென்ற நான் மருதமுனை முகாம் ஒன்றில் கண்ட காட்சி இன்னும் மறக்கவில்லை. வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் மூலம், "உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று ஒரு மீனவரிடம் கேட்டார். "ராத்தாட புள்ளைகள ஆரு பாக்கிற?" என்றார் மீனவர். "கவலையாக இருக்கிறாராம்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். படிவத்தில் ஒரு புள்ளடி விழுந்தது.

இலங்கையரான உளவியலாளர் கயத்ரி பெர்னாண்டோ தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியது இதைத்தான். நம் மக்கள் அதிர்ச்சியைத் தமக்குள் நேர்ந்த நோயாக மட்டும் சொல்வதில்லை. அறுந்த உறவாகவும் செய்ய முடியாமற்போன கடமையாகவும் சொல்கிறார்கள். மேற்கத்தியப் படிவங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை. போரின் காயத்தைத் தமிழிலேயே எழுத முடியும் என்பதை, தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து 'மனவடு' நூலில் முன்பே காட்டியிருந்தார்.

நண்பரின் மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "போய்ப் படியுங்க மகள். வுண்டையும் ஃபிராய்டையும் படியுங்க. ஆனா உம்மம்மா கதைக்கிற தமிழை மறந்திராதீங்க. உங்களிடம் வாறவங்க அந்தத் தமிழிலதான் அழுவாங்க."